ஆஸ்பத்திரிப் பச்சை

நம் ஃபுட்பால் கிளப்பின் சட்டை ஏன் பச்சை, நெஞ்சில் ஏன் வெள்ளைப் பட்டை என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பச்சை என்றால் புல்வெளியாம், வெள்ளை என்றால் சமாதானமாம். ஒருத்தன் ஏதோ வெளிநாட்டு டீமைப் பார்த்துக் காப்பியடித்தது என்கிறான். போன மாதம் மைதானத்துப் பக்கத்து டீக்கடையில் ஒரு பையன், ஜோசியர் பார்த்துச் சொன்ன கலர் என்று என் எதிரிலேயே அடித்துவிட்டான். கையில் டீ சூடாக இருந்தது, இல்லையென்றால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இப்போது கலரையே மாற்றப்போகிறார்களாம். ஆரஞ்சும் கறுப்பும், பளபளவென்று பாலியஸ்டரில். சாம்பிள் சட்டையைத் தூக்கிக்கொண்டு தேவராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தான். கிளப்பின் முதல் டீமில் ரைட் அவுட் ஆடியவன். இப்போது பிரெசிடென்ட், தலையில் முடிதான் இல்லை.

"ராஜிக்கா, பசங்க ஆஸ்பத்திரிக் கலர் வேணாம்ன்றாங்க. மாத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி எழுதிக் குடுத்துடுங்க. கமிட்டியில படிச்சுக் காட்டறேன். எனக்கே பாதிதான் தெரியும்" என்றான்.

"நான் இன்னாடா எழுதறது, தையல் மெஷின் மிதிச்சவ" என்றேன்.

"பேசற மாதிரியே எழுதுங்கக்கா. உங்க வாய் ஒண்ணு போதும்."

பேசுகிற மாதிரி எழுதினால் கமிட்டியில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கொஞ்சம் அடக்கித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் வரைக்கும் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், லினன் ரூமில் டெய்லராக இருந்தேன். ஆஸ்பத்திரிப் பெயர் இங்கே தேவையில்லை. வேலை கற்றுக்கொண்ட கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. காக்ஸ் டவுனில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆனது, ஆன வேகத்திலேயே அவன் விட்டுவிட்டுப் போனான். ஜீவனஹள்ளியில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள்.

லினன் ரூம் என்றால் ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வந்து போகிற இடம். பெட்ஷீட், தலையணை உறை, டாக்டர் கோட், ஆபரேஷன் தியேட்டர் துணி. லாண்டரியிலிருந்து வெந்து, உலர்ந்து, இஸ்திரி ஆகி வரும். பிரித்துப் பார்த்து, கிழிந்ததைத் தைத்து, மடித்து அடுக்கி, வார்டு வார்டாகக் கொடுக்க வேண்டும். அந்த ரூமுக்கென்று ஒரு வாசனை உண்டு. லாண்டரி சோப்பும் சோடாவும் நீராவியும் கலந்த வாசனை. மூக்கில் ஏறி, புடவையில் ஏறி, தலைமுடியிலும் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது.

எங்கள் சூப்பர்வைசர் சிஸ்டர் ஃபிலோமினா. மங்களூர்க்காரர், கன்னியாஸ்திரி. தமிழ் எங்களிடமே கற்றுக்கொண்டவர். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். எல்லாரும் என்னை ராஜி என்பார்கள், அவர் மட்டும் ராஜேஸ்வரி என்று முழுசாகக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டாலே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

துணி பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார விட மாட்டார். எல்லோரும் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டும். ஒவ்வொரு துணியையும் இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். எங்கே நைந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் தாங்கினால் தையலுக்கு என் பக்கம் வரும். நகம் உள்ளே போனால் கத்தரியை எடுத்து ஒரு மூலையை வெட்டிவிடுவார். மூலை போன துணி மறுபடி நோயாளியின் மேல் படக்கூடாது. டஸ்டராகலாம், தரை துடைக்கலாம், ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை துணி வந்தாலும் ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடிக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. தியேட்டர் துணி மட்டும் பச்சை. பச்சை தனி மூட்டை, தனி மெஷின், தனி அலமாரி. வார்டு வெள்ளையோ குழந்தைகள் வார்டுத் துணியோ அதில் விழவே கூடாது. எல்லாத் துணியிலும் ஆஸ்பத்திரியின் வட்ட ஸ்டாம்ப், கறுப்பு மார்க்கிங் இங்க்கில் இருக்கும். அந்த மை எத்தனை வேகவைத்தாலும் போகாது. துணி கிழிந்து நாராகும், ஸ்டாம்ப் அப்படியே இருக்கும்.

இனி கிளப்புக்கு வருகிறேன்.

என் தம்பி மணி. எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அம்மா காக்ஸ் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்த்து எங்களை வளர்த்தாள். மணி சிவாஜிநகரில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். தொண்ணூற்றொன்றில் காவிரி கலாட்டா நடந்தது, தமிழ் பேசினாலே அடி விழுந்தது. அதற்குப் பிறகு ஏரியாப் பையன்கள் வேலைக்குப் போவதும் வீட்டில் அடைவதுமாகக் கிடந்தார்கள். நாலு தெரு தள்ளிப் போவதற்கே பயம். மணிதான் ஒரு பழைய பந்துக்குப் பஞ்சர் ஒட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "டேய், எத்தினி நாளைக்குடா கதவு சாத்திக்கினு குந்தினு இருப்பீங்க" என்று எல்லோரையும் மைதானத்துக்கு இழுத்தான். கிளப் என்றால் அவ்வளவுதான். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விட்டுவிட்டு அம்மாவிடம் தண்ணி கேட்பார்கள், அதுதான் மீட்டிங்.

முதல் டோர்னமென்டுக்குப் போனபோது ஆளுக்கொரு பனியனில் போய் நின்றார்கள். ஒருவன் கோடு போட்டது, ஒருவன் கல்யாண வீட்டுச் சட்டை. ரெஃப்ரி, ஒரே கலர் இல்லாமல் இறக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மணி வந்து மூலையில் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாமல் உட்கார்ந்தால் அம்மாவும் சாப்பிட மாட்டாள், அம்மா சாப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் மறுநாள் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

மூலை வெட்டின பச்சைத் துணி அன்றைக்கு நிறையக் கிடந்தது. ஹோல் டவல் என்போம். ஆபரேஷன் செய்யும்போது நோயாளியை மூடுகிற பெரிய துணி. கத்தி வைக்கிற இடத்துக்காக நடுவில் ஓட்டை விட்டிருக்கும்.

"சிஸ்டர், இதை எனக்குக் குடுக்கறீங்களா? தம்பி டீமுக்குச் சட்டை தைக்கணும்."

"என்ன டீம்?"

"ஃபுட்பால், சிஸ்டர்."

"எத்தனை பேர்?"

"பதினோரு பேர்."

"காலில் அடி பட்டால்? வேற ஆள் இறங்க வேண்டாமா?" என்று கேட்டு, மேலே இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தார். "என் அண்ணன் மங்களூரில் ஆடுவான்" என்றார். அத்தனை வருடத்தில் தன் வீட்டைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். பிறகு பழைய சிஸ்டராகிவிட்டார். "ராஜேஸ்வரி, ஸ்டாம்ப் வெளியே தெரியக்கூடாது. ஆஸ்பத்திரித் துணியைத் திருடினாள் என்று நாளைக்கு உங்களைத்தான் சொல்வார்கள்."

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் மணி ஒன்றை எடுத்து, நடு ஓட்டையில் தலையை விட்டு, சர்ச் ஃபாதர் மாதிரி கையை விரித்து நின்றான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அதைப் பார்த்துத்தான் யோசனையே வந்தது. ஓட்டைதான் கழுத்து. சுற்றி ஏற்கெனவே இரட்டைத் தையல் இருக்கிறது. பக்கவாட்டில் வெட்டி, கை வைத்துத் தைத்தால் சட்டை. ஒரே ஒரு சங்கடம், ஸ்டாம்பை ஓட்டைக்குப் பக்கத்தில்தான் குத்தியிருப்பார்கள். அது நேராக நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அதை மறைக்க, கழித்துப்போட்ட பெட்ஷீட்டைக் கிழித்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை வைத்துத் தைத்தேன். கிளப் கலர் வந்த கதை இவ்வளவுதான் சாமி. புல்லும் இல்லை, சமாதானமும் இல்லை.

பட்டை போட்டும் முழுசாக மறையவில்லை. வேர்வையில் நனைந்தால் வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பு வட்டம் லேசாகத் தெரியும். எதிர் டீம்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏ டாக்டர்! ஏ பேஷன்ட்!" என்று கத்துவார்கள். நம் பையன்கள் அதற்கெல்லாம் அசருகிற ஆட்களா? கோல் போட்டதும் எதிராளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி டீம் என்றே பெயராகிவிட்டது.

மணியின் சட்டையை அம்மாதான் துவைப்பாள். என்னைத் தொட விட மாட்டாள். அவன் ஆடிவிட்டு வந்து கழற்றி எறிந்தால், மூக்கருகே கொண்டுபோய், "கருமம், இன்னாடா நாத்தம் இது, எருமமாடு மாதிரி" என்பாள். சொல்லிவிட்டு இன்னொரு தடவை மோந்து பார்ப்பாள். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "போடி, உன் துணியில ஆஸ்பத்திரி நாத்தம். அதுக்கு இது மேலு" என்பாள். அந்த நாலு வருடம்தான் எங்கள் வீட்டில் சிரிப்பு அதிகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் தேவராஜ் பாதி தெரியும் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஞாயிறு டியூட்டி. வெளியே தூறல். சாயங்கால டீயைக் கையில் எடுக்கும்போது தியேட்டரிலிருந்து போன். எமர்ஜென்சி, அவசரமாக ஒரு செட் வேண்டும் என்றார்கள். டீயை வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து குடிக்கப்போனால் மறுபடியும் போன். ரத்தம் நிற்கவில்லை, இன்னும் துணி வேண்டும். கொண்டுபோக அட்டெண்டர் இல்லை, ரத்தம் வாங்க ஓடியிருக்கிறான். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு நானே பச்சை அடுக்கைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

தியேட்டர் வாசலில், பெஞ்சில் வரிசையாகப் பச்சை உடுப்பில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஆள் இல்லை என்று என்னை மாடி ஏற விடுகிறார்கள், இங்கே அட்டெண்டர் கூட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதே என்று. "இன்னாப்பா, நோகாம குந்திக்கினு கீறீங்க" என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனேன்.

ஒருவன் நிமிர்ந்தான். நெஞ்சில் வெள்ளைப் பட்டை. மழையில் நனைந்து ஸ்டாம்ப் வட்டமாகத் தெரிந்தது. தேவராஜ்.

"அக்கா" என்றான். நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மணி முகம் இல்லை.

கையில் துணி இருந்தது. கதவைத் தட்டினேன். நர்ஸ் பாதிக் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு மூடினாள். அவளுக்கு என்னைத் தெரியும், உள்ளே படுத்திருப்பது என் தம்பி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் கதவைச் சாத்த நேரமாகும் என்று தோன்றியது.

பிறகுதான் தேவராஜ் சொன்னான். பந்தைத் தலையால் முட்ட எகிறியபோது எதிர் ஆளின் முட்டி மணியின் இடது விலாவில் ஏறியிருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை, விளையாட்டில் ஆவதுதான். கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு, தண்ணி குடித்துவிட்டு, கடைசி விசில் வரைக்கும் ஆடியிருக்கிறான். ஜெயித்தும்விட்டார்கள். சட்டையைக் கழற்றக்கூட இல்லை, சைக்கிளை எடுக்கப்போனவன் அப்படியே சரிந்துவிட்டானாம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல அவர் வெளியே வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் முகத்தைப் படிக்க அத்தனை வருட ஆஸ்பத்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

சிஸ்டர் ஃபிலோமினா வந்தார். அந்தப் பெஞ்சில், ஈரச் சட்டைப் பையன்களுக்கு நடுவே, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவள் கத்தவில்லை. மணியின் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நிக்கர் இருந்தது, ஷூ இருந்தது, இடுப்புக் கயிறு இருந்தது. அம்மா பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சட்டை எங்கடி?" என்றாள்.

கேஷுவால்ட்டியில் போய்க் கேட்டேன். அவசரத்தில் கத்தரியால் வெட்டிக் கழற்றியதாகச் சொன்னார்கள். எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. குப்பைக் கூடையைக் கிளறினேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. வெறுங்கையோடு வந்தேன்.

"அந்தச் சட்டையப் போட்டுத்தான் எம்புள்ளய அனுப்புவேன்" என்றாள் அம்மா. தேவராஜ் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான். அவள் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "இது உன்னுதுப்பா. அவன் வாசன எனக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் ஆஸ்பத்திரிதானே? துணி பாக்கறதுதானே உன் வேல? உன் தம்பி துணி ஒண்ண உன்னால பாத்துக்க முடியலயா?"

மறுநாள் வெள்ளை வேட்டியில் சுற்றி அவனைப் புதைத்தோம். பையன்கள் எல்லோரும் பச்சைச் சட்டையில் வந்தார்கள். அம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சிஸ்டர் வழக்கம்போலத் துணி பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை அடுக்கு. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் விரிக்கிறார், மடிக்கிறார், அடுத்ததை எடுக்கிறார். ஒன்றை விரித்தவர் கையை இறக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்திலிருந்து அடிவரை நேராக வெட்டுப்பட்டு, இரண்டு கையும் விரிந்து தொங்கியது. இரண்டாகப் போன வெள்ளைப் பட்டை. பட்டைக்குப் பின்னால் வட்ட ஸ்டாம்ப்.

நடந்தது அப்போதுதான் புரிந்தது. ரத்தத்தில் நனைந்த பச்சைத் துணி, ஆஸ்பத்திரி ஸ்டாம்ப் வேறு தெரிகிறது. கேஷுவால்ட்டியில் பார்த்த எவரும் தியேட்டர் துணி என்றுதான் நினைப்பார்கள். தியேட்டர் மூட்டையில் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன். அது சோடாவில் வெந்து, துவைத்து, இஸ்திரி ஆகி, நாலாக மடிந்து என்னிடமே வந்துவிட்டது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

சிஸ்டர் எழுந்து என் பக்கத்தில் வந்து, என் மடியில் வைத்தார். "இது நம்முடைய லினன் இல்லை, ராஜேஸ்வரி. வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார். நான் அந்த ரூமில் வாய்விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான்.

அம்மாவிடம் கொடுத்தேன். அவசரமாகப் பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் மோந்தாள், அந்தப் பக்கம் மோந்தாள், அக்குளில் மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"சோப்பு வாசனதாண்டி வருது" என்றாள். "எம்புள்ளயத் தொவச்சுட்டாங்களேடி."

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். தைத்து ஒன்றாக்கலாம் என்று பலமுறை எடுத்தேன். டெய்லர்தானே, பத்து நிமிஷ வேலை. கை வரவில்லை.

வருடங்கள் போயின. சிஸ்டர் வயதாகி மங்களூர் திரும்பிவிட்டார். கிளப் வளர்ந்தது, பச்சைத் துணி கடையில் வாங்கித் தைத்தார்கள், ஸ்டாம்ப் இல்லாவிட்டாலும் வெள்ளைப் பட்டை நின்றது. அம்மாவுக்குக் கண் மங்கியது. ஒருநாள் தலையணை உறை மாற்றும்போது பார்த்தேன், அடியில் மணியின் சட்டை. எப்போது பெட்டியிலிருந்து எடுத்தாளோ தெரியாது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், கிட்டே கூப்பிட்டு என் முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொள்வாள். கண்ணில் நீர் வடிகிறது, துடைக்கிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "இன்னாம்மா, என் பொடவதான் உனக்குத் துண்டா" என்று சலித்துக்கொள்வேன்.

நான் ரிடையர் ஆன அன்றைக்கு மாலையும் சால்வையும் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இனிமே ரெஸ்டு. நாளையிலேருந்து வேலைக்குப் போமாட்டேன்" என்றேன்.

அம்மா முந்தானையை விடவில்லை.

"அப்ப அவன் வாசன?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு வேண்டாம் என்று தூக்கிப்போட்ட அந்தச் சோப்பு வாசனையைத்தான் தலையணைக்கு அடியில் வைத்து வைத்து அவள் பிள்ளையின் வாசனையாக்கிக்கொண்டிருக்கிறாள். சட்டையில் அது போனபிறகு தினமும் என் புடவையில் மோந்திருக்கிறாள்.

இப்போது மாதம் ஒருமுறை அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போகிறேன். அங்கே கோவிந்தப்பா பழைய ஆள், தியேட்டர் துணியோடு சேர்த்துப் போட்டுக் கொடுப்பார். சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து அம்மா கையில் தருவேன். முகத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாள்.

போன வாரம் கொண்டுவந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வெளிச்சம். நகத்தை வைக்கவே பயமாக இருந்தது. இனி ஒரு துவைப்புத் தாங்காது. சிஸ்டர் இருந்திருந்தால் மூலையை வெட்டியிருப்பார். அதனால்தான் தேவராஜ் கொண்டுவந்த ஆரஞ்சு சாம்பிளை எடுத்துக்கொண்டு கோவிந்தப்பாவிடம் போய், பழையதுக்குப் பதிலாக இதைப் போடுவீர்களா என்று கேட்டேன். "ஹசிரு பிட்டு பேரே கலர் ஹாகல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். பச்சையைத் தவிர வேறு எதையும் அந்த மெஷினில் விட மாட்டார்கள், அது அங்கே சட்டம். நானே எத்தனை பேரிடம் அந்தச் சட்டம் பேசியிருக்கிறேன்.

கமிட்டியில் இதைப் படிக்கிற தேவராஜுக்கும் கேட்கிற பையன்களுக்கும் சொல்கிறேன். உங்கள் கிளப், உங்கள் சட்டை, உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இல்லை. அதற்கு முன்னால் பச்சையில், வெள்ளைப் பட்டை வைத்து, மணி அளவுக்கு ஒரே ஒரு சட்டை எனக்குத் தைத்துக் கொடுங்கள். என் கண் இப்போது ஊசியில் நூல் கோக்க விடுவதில்லை. காட்டன் துணியாக இருக்கட்டும், பாலியஸ்டரில் வாசனை நிற்காது. அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை, அவளுக்குக் கண் தெரியாது.